வெள்ளிக்கிழமைக்கு ஒரு பில்டர்

லண்டனில் எங்கள் ஆட்களின் வீடுகளில் எவர் எதைச் சாப்பிட்டார் என்பது ஆண்டவனுக்குத் தெரியும் என்பார்கள். ஆண்டவனுக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். மீனா இறாலா, மீன் என்றால் என்ன மீன், குழம்பா பொரியலா, தேங்காய்ப்பால் முதலில் விட்டதா கடைசியில் விட்டதா என்பதெல்லாம் பில்டர் அண்ணை ஒருவருக்குத்தான் தெரியும்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கலியாணக் கார்டு கொடுப்பவர்கள்கூட உறையில் "திரு. பில்டர் அவர்கள்" என்றே எழுதினார்கள். ஒரு வீட்டார் மரியாதை கூடிப்போய் "திரு. திருமதி பில்டர்" என்று எழுதிவிட்டார்கள். அவரோ கலியாணமே செய்யாத மனிதர். கார்டை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "திருமதியை நான் இன்னும் காணேல்லை. கண்டால் கூட்டிக்கொண்டு வாறன்" என்றாராம்.

எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் தொடங்கிய காலம் அது. நாங்கள் செவன் கிங்ஸில் குடியிருந்தோம். எங்களுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு மாடி அறையில் அவர் தனியாக இருந்தார். ஊரில் நீர்ப்பாசன ஓவசியர். குளமும் மதகும் வாய்க்காலும் அவர் பொறுப்பில் இருந்தன. இங்கே ஒரு பெரிய ஹோட்டலின் அடுக்களையில் சாப்பாட்டுக் கோப்பை கழுவும் மெசின் அவர் பொறுப்பில் இருந்தது. இதை அவர் ஒரு இறக்கமாக நினைத்ததே இல்லை.

"அங்கை நாப்பது வாய்க்காலுக்குத் தண்ணி விட்டனான். இஞ்சை நானூறு கோப்பைக்குத் தண்ணி விடுறன். தண்ணி தண்ணிதானே" என்பார்.

ஆள் நல்ல உயரம், மெலிவு. கோடை வெயிலிலும் முழங்கால்வரை தொங்கும் சாம்பல் நிறக் கோட்டைக் கழற்றமாட்டார். அந்தக் கோட்டுக்குள் ஒரு பட்டறையே இருந்தது. டோர்ச் லைட், பழைய பல் பிரஷ் இரண்டு, மடித்த பேப்பர், துணித்துண்டு, எலுமிச்சம் தேசிக்காய் ஒன்று. அந்தக் கோட்டை ஆணியில் கொழுவினால் சுவர் சரிந்துவிடும் என்று இவர், அதாவது என் வீட்டுக்காரர், சொல்வார்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லவேண்டும். பில்டர் அண்ணை சுத்த சைவம். பிறப்பில் அல்ல. ஊரில் ஒரு மாரிகாலம் குளத்துக்கட்டு உடையும்போல் இருந்தபோது, "முருகா, கட்டு நிண்டால் நான் மச்ச மாமிசம் விடுறன்" என்று நேர்ந்துவிட்டார். கட்டு நின்றுவிட்டது.

"கொஞ்சம் யோசிச்சு நேந்திருக்கலாம். இறைச்சி எண்டு மட்டும் சொல்லியிருக்கலாம். மழைக்குள்ளை நிண்ட அவசரத்திலை மீனும் சேந்து போட்டுது" என்று இருபது வருஷம் கழித்தும் கவலைப்படுவார். மீன் என்றால் அவருக்கு உயிர். ஆனாலும் நேர்ந்தது நேர்ந்ததுதான். அன்றிலிருந்து ஒரு நெத்தலித் தலைகூட அவர் வாயில் பட்டதில்லை.

எங்கள் வீட்டுக்குக் கோப்பை கழுவும் மெசின் வந்தது தற்செயலாக. பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா கடற்கரைப் பக்கம் குடிபோனபோது எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார். மற்றவர்களுக்கு அது ஆடம்பரமாக இருக்கலாம். எனக்கு அப்படி இல்லை. நான் வீட்டில் இருந்தபடி தையல் வேலை செய்தேன்; கட்டுக் கட்டாக உடுப்பு வரும். கோப்பை கழுவும் சவர்க்காரத் தண்ணீர் பட்டுப் பட்டு என் விரல்களெல்லாம் வெடித்து இரத்தம் கசிந்தது. ஒருமுறை வெள்ளைச் சட்டை ஒன்றில் சின்ன இரத்தப் பொட்டு. தையல் முதலாளி முழுக் கட்டையும் திருப்பி அனுப்பிவிட்டார். இனிமேல் கையைச் சவர்க்காரத் தண்ணீரில் வைத்தால் தையலை மறந்துவிடு என்று டாக்டர் சொன்னார். ரப்பர் கையுறை போட்டேன். அதற்குள்ளும் புண் வந்தது. அந்த நேரத்தில்தான் மெசின் வந்தது. இரண்டு மாதத்தில் விரல்கள் ஆறின.

மூன்றாம் மாதம் மெசின் நாறத் தொடங்கியது. அடியில் தண்ணீர் வடியாமல் நின்றது. உள்ளே வைத்த கோப்பைகள் வைத்ததைவிட அழுக்காக வெளியே வந்தன.

"செத்துப் போச்சு. கவுன்சில்காரன் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும்" என்றார் இவர். பிறகு, எதற்கும் ஒருதரம் காட்டுவோம் என்று ஓவசியரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவர் வெறும் ஓவசியர்தான். பில்டர் என்ற பட்டம் எங்கள் அடுக்களையில்தான் கிடைத்தது.

வந்தவர் மெசினின் கதவைத் திறந்தார். கீழ்த்தட்டை இழுத்து வெளியே வைத்தார். முழங்காலில் நின்று தலையை உள்ளே விட்டார். கோட்டும் காலும் மட்டும் வெளியே தெரிந்தன.

"பில்டரை எப்ப கழுவினது?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

"கோப்பை கழுவுற மெசினை நாங்கள் கழுவுறதோ?" என்றார் இவர். "அது தன்னைத் தானே கழுவாதோ?"

"நீர் ஊருக்கெல்லாம் சமைச்சுப் போட்டால் உம்மடை வயிறு தன்ரைபாட்டிலை நிரம்புமோ?"

அடியில் நடுவில் இருந்த வட்டத்தைப் பிடித்து இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பினார். குவளை மாதிரி ஒரு சாமான் கழன்று வந்தது. அதன் கீழேயிருந்து ஒரு தட்டைச் சல்லடையும் வந்தது. இரண்டும் சேர்ந்ததுதான் பில்டர். இரண்டும் மூன்று மாதமாக எங்களோடு ஒரே வீட்டில் இருந்திருக்கின்றன. நாங்கள் ஒருநாளும் சந்தித்ததில்லை.

பேப்பரை விரித்து, இரண்டையும் அதன்மேல் கவிழ்த்து, பல் பிரஷின் காம்பால் கிளறினார். கறிவேப்பிலை ஒரு குவியல். கடுகும் வெந்தயமும் ஒரு குவியல். தேங்காய்ப்பூ ஒரு குவியல். பிறகு முள்ளுக்கு வந்தார். வந்ததும் அவர் முகமே மாறிவிட்டது. ஒரு முள்ளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார்.

"விளைமீன். குழம்பு. பால் கடைசியிலை விட்டிருக்கு. அதுதான் முறை." இன்னொன்றை எடுத்தார். "இது ஒட்டி. இது பாரை. புதன்கிழமை நண்டு."

"புதன்கிழமை நண்டு இல்லையே?" என்றார் இவர்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். புதன்கிழமை இவர் வேலைக்குப் போன பிறகு, ஆசைப்பட்டு வாங்கிய ஒரே ஒரு நண்டை நான் தனியாக இருந்து சாப்பிட்டது உண்மை. பில்டர் அண்ணை என் பக்கம் ஒருதரம் பார்த்தார்.

"ஓம் ஓம், நான்தான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன். உது போன மாத நண்டு" என்றார்.

கடைசியில் பிரஷ் காம்பு எதிலோ தட்டி 'டிங்' என்றது. என் காதுத் தோட்டின் பின்பக்கத்துத் திருகுச் சுரை. அதைத் தேடி நான் கம்பளத்தைக்கூடப் புரட்டியிருந்தேன்.

பில்டரை வெந்நீர்க் குழாயின் கீழே பிடித்து, பல் பிரஷால் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். உதவி செய்யும் எண்ணத்தில் இவர் சட்டி தேய்க்கும் கம்பித்தும்பை நீட்டினார். பில்டர் அண்ணை பாம்பைக் கண்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார்.

"கம்பி போட்டால் சல்லடைக் கண் பெருத்துப்போம். கண் பெருத்தால் கடுகு போகும். கடுகு போனால் மோட்டர் போகும். மோட்டர் போனால் நீர் தெருவிலை போவீர்."

கழுவினதைத் திரும்ப வைத்து வலப்பக்கம் திருப்பினார். "கிளிக் எண்டு கேக்கோணும். கேக்காட்டில் பூட்டேல்லை எண்டு அர்த்தம். கிழமைக்கு ஒருக்கால் செய்தால் காணும்." மெசினைப் போட்டார். தண்ணீர் வடிந்தது. கோப்பைகள் பளபளவென்று வெளியே வந்தன. நான் வாய் திறந்து நன்றி சொல்லவில்லை. அந்த நாட்களில் வீட்டு ஆட்களைத் தவிர எவரோடும் எனக்குப் பேச வராது. தலையை ஆட்டினேன். அவரும் தலையை ஆட்டினார்.

கதை பரவியது. மெசின் வைத்திருந்த தமிழ் வீடுகள் எல்லாம் அவரைக் கூப்பிடத் தொடங்கின. அவர் பில்டரைப் பார்த்தால் அந்த வீட்டின் ஒரு கிழமைச் சமையலை ஒப்புவிப்பார். ஆனால் ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டில் சொல்லமாட்டார். "டொக்டர் நாடி பாத்ததை ரோட்டிலை நிண்டு சொல்லுவாரோ?" என்பார். நாற்பது நாள் விரதம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஒருவரின் வீட்டுப் பில்டரில் கோழி எலும்பு வந்தபோது, அவர் சொன்னதெல்லாம் ஒரு "ம்ம்" மட்டும்தான். அந்த "ம்ம்"முக்கு அந்த மனிதர் மூன்று நாள் நித்திரை கொள்ளவில்லையாம்.

எந்த வீட்டிலும் அவர் கை நனைக்கமாட்டார். "ஒரு வாய் தேத்தண்ணி குடியுங்கோவன்" என்று கேட்டால், "உங்கடை பில்டரைப் பாத்திட்டனெல்லே, தங்கச்சி. வேண்டாம்" என்று மிகவும் அன்பாகச் சொல்லிவிட்டுப் போவார். இதைக் கேட்டு அழுத பெண்களும் உண்டு.

இப்படி இருக்கையில் இவருடைய தமக்கை கொழும்பிலிருந்து ஏழு கிழமை தங்க வந்தார். எனக்குப் பெரிய மச்சாள். தாய் இல்லாத இவரை வளர்த்து ஆளாக்கியவர். மச்சாள் "இரு" என்றால் இவர் உட்காரக் கதிரை இல்லாவிட்டாலும் இருந்துவிடுவார்.

மச்சாள் வீட்டில் மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவும் கூடாது. வெள்ளிக்கிழமை விடியவே முழுகிவிட்டு மரக்கறிதான். வந்த முதல் வெள்ளிக்கிழமை மத்தியானம் தான் சாப்பிட்ட கோப்பையை நான் மெசினில் வைப்பதைக் கண்டுவிட்டார்.

"நில்லும் பிள்ளை. உதுக்குள்ளைதானே நேற்று மீன் சட்டி குளிச்சது?"

நான் தலையாட்டினேன்.

"இண்டைக்கு என்ரை கோப்பையும் அதுக்குள்ளை குளிக்கப் போகுதோ?"

திரும்பவும் தலையாட்டினேன். பொய் சொல்லவும் வாய் வேண்டுமே.

"ஐயோ முருகா! மீனையும் என்னையும் ஒரு கிணத்துக்குள்ளை தள்ளின மாதிரியெல்லோ கிடக்கு! தம்பி, இந்தப் பெட்டி நிக்கிற வீட்டிலை இனி நான் பச்சைத் தண்ணியும் குடியன். ஒண்டில் பெட்டி, இல்லாட்டில் நான்!"

அவர் பேசி முடிக்கும் முன்பே இவர் மெசினின் பின்பக்கம் போய்க் குழாயைக் கழற்றத் தேடிக்கொண்டிருந்தார். நான் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன். தையல் போனால் என்ன செய்வேன் என்று கேட்க நினைத்தேன். என்ன துணிவு வந்ததோ, செருப்பைப் போட்டுக்கொண்டு மூன்று வீடு தள்ளிப் போய்க் கதவைத் தட்டினேன். பில்டர் அண்ணை கதவைத் திறந்தார். இரண்டு கையையும் நீட்டினேன். வெடிப்பு ஆறிய தழும்புகளை அவர் பார்த்தார்.

"மெசினை எடுக்கச் சொல்லினமோ?" என்றார். கோட்டை எடுத்து மாட்டினார். "வாறன்."

எங்கள் அடுக்களையில் வழக்கு நடந்தது. மச்சாள் ஸ்டூலில் இருந்தார். பில்டர் அண்ணை கைகட்டி நின்றார்.

"அக்கா, குளத்துக்குள்ளை மீன் நீந்துது, மாடு குளிக்குது. அதே தண்ணிதான் கோயில் கேணிக்கும் போகுது. நீங்கள் கேணியிலை கால் நனைக்கிறேல்லையோ?"

"அது வேறை."

"என்ன வேறை? நடுவிலை ஒரு வடி கிடக்கு. அழுக்கு, மச்சம் எல்லாம் அதிலை நிண்டிடும். இந்த மெசினுக்கு ஒவ்வொரு தரமும் வாறது புதுத் தண்ணி. தண்ணியிலை பாவம் இல்லை. பாவம் முழுக்கப் பில்டரிலை."

மச்சாள் யோசித்தார். "அப்ப, என்ரை கோப்பை கழுவேக்கை அந்தப் பாவம் பிடிச்ச பில்டர் உள்ளுக்கு இருக்கக்கூடாது."

"இருக்காது. சட்டி ரெண்டு வைச்சிருக்கிறியள். பில்டரும் ரெண்டு வைப்பம். ஒண்டு மச்சம், ஒண்டு சைவம்."

மச்சாளின் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு மரியாதை வந்தது. லண்டனிலும் முறை தெரிந்த ஒரு மனிதர்!

"சரி. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமை காலமையும் அந்தச் சைவ பில்டரை என்ரை கண்ணுக்கு முன்னாலை கழட்டிக் காட்டோணும். நான் போகுமட்டும். ஒரு செதில் கண்டனோ, பெட்டி வெளியிலை."

இலுபோர்டில் உதிரிப்பாகம் விற்கும் ஒரு கடைக்கு இவரும் பில்டர் அண்ணையும் போனார்கள். அங்கே நடந்ததை இவர் வந்து சொன்னார்.

பழைய பில்டர் உடைந்துவிட்டதா என்று கடைக்கார வெள்ளைக்காரர் கேட்டார்.

"இல்லை. நல்லாய் இருக்கு" என்றார் பில்டர் அண்ணை ஆங்கிலத்தில்.

"பிறகு ஏன் புதுசு?"

"பழையது மீன் சாப்பிடும்."

கடைக்காரர் இவரைப் பார்த்தார். இவர் கூரையைப் பார்த்தார்.

"புதுசு?"

"புதுசு வெஜிடேரியன்."

கடைக்காரர் நல்ல மனிதர். தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து நாலு பக்கம் புரட்டி, தன்னிடம் சாதாரண பில்டர்தான் இருக்கிறது என்று வருத்தத்தோடு சொன்னார்.

"அதைத் தாரும். நான் சைவத்துக்கு மாத்தி எடுக்கிறன்" என்றார் பில்டர் அண்ணை.

மாற்றியும் எடுத்தார். புது பில்டரை மஞ்சள் தண்ணீரில் முழுகவைத்து, மூன்று குறி திருநீறு பூசி மெசினில் பூட்டினார்கள். அந்த வெள்ளிக்கிழமை என் வெள்ளைக் கோப்பைகள் எல்லாம் மஞ்சள் பூசிக் குளித்த பெண்களைப்போல வெளியே வந்தன. மச்சாளுக்கு மெத்தப் பிடித்துவிட்டது. பில்டர் அண்ணைக்குப் பிடிக்கவில்லை. "திருநீறு சல்லடைக் கண்ணை அடைக்கும். கடவுளுக்குக் குறை இல்லை, தேசிக்காய் காணும்" என்று அடுத்த கிழமை மாற்றிவிட்டார்.

அதன் பிறகு ஒரு ஒழுங்கு வந்தது. வியாழக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு வருவார். மெசினை வெறுமையாக ஒருதரம் வெந்நீரில் ஓடவிடுவார். நீல நூல் கட்டிய மச்ச பில்டரைக் கழற்றுவார். சிவப்பு நூல் கட்டிய சைவ பில்டரைப் பூட்டுவார். சனிக்கிழமை காலை வந்து, மச்சாளுக்குக் காட்டிவிட்டு, திரும்ப மாற்றுவார். மச்சாள் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, சல்லடையின் ஒவ்வொரு கண்ணாகப் பார்ப்பார். நான் பக்கத்து அறையில் தையல் மெசினின் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். "கறிவேப்பிலை. கடுகு. சரி" என்று மச்சாள் சொன்ன பிறகுதான் கால் பெடலை மிதிக்கும்.

இதைப் பார்த்து மற்ற வீட்டுப் பெண்களும் இரண்டு பில்டர் கேட்டார்கள். மச்ச பில்டர் வெள்ளிக்கிழமை வீட்டு வளவுக்குள்ளேயே கிடக்கக்கூடாது என்றும் சிலர் சொன்னார்கள். அதனால் அவற்றையெல்லாம் பில்டர் அண்ணை தன் அறைக்குக் கொண்டுபோவார். கோட்டின் இடப் பை மச்சம், வலப் பை சைவம். வியாழக்கிழமை பஸ்ஸில் அவர் பக்கத்துச் சீட் எப்போதும் காலியாகவே இருக்கும்.

ஒரு வியாழக்கிழமை, கோட்டு இரண்டு பக்கமும் புடைத்திருந்ததைப் பார்த்து ஒரு பொலிஸ்காரர் அவரை மறித்தார். பில்டர் அண்ணை தெருமதிலில் பேப்பரை விரித்து, ஏழு பில்டர்களையும் வரிசையாக அடுக்கி, மச்சம், சைவம், முருகன், குளத்துக்கட்டு என்று அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். பொலிஸ்காரர் கடைசிவரை கேட்டார். பிறகு தன் வீட்டு மெசினும் இரண்டு கிழமையாக நாறுவதாகச் சொல்லி, எந்தப் பக்கம் திருப்புவது என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

ஐந்து சனிக்கிழமைகள் இப்படித் தப்பின. ஆறாவதுதான் கடைசி. அடுத்த செவ்வாய்க்கிழமை மச்சாளுக்குப் பிளேன்.

அன்றைக்கு நல்ல மழை. பில்டர் அண்ணை வந்து, கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். கழற்றினால் கைக்கு வசதி என்று மச்சாள்தான் வற்புறுத்தினார். முழங்காலில் நின்று சைவ பில்டரைத் திருப்பி எடுத்தார். நான் பக்கத்து அறையில் இருந்து எட்டிப் பார்த்தேன். தட்டைச் சல்லடையின் நட்டநடுவில், இளஞ்சிவப்பு நிறத்தில், சின்ன விசிறியை விரித்தது மாதிரி ஒரு இறால் வால் கிடந்தது.

நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரில் கலண்டர் பார்த்துக்கொண்டு நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தன. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வியாழக்கிழமை மிஞ்சிய இறால் பொரியலை எறியச் சொல்லி இவரிடம்தான் கொடுத்தேன். எறியவில்லை. வெள்ளிக்கிழமை காலை தோட்டத்துக் கொட்டிலுக்குள் ஒளித்து நின்று பாண் ரொட்டியோடு தின்றுவிட்டு, நல்ல பிள்ளையாகக் கோப்பையைக் கொண்டுவந்து மெசினில் வைத்திருக்கிறார். கலியாணம் செய்த நாள் முதல் இவர் தன் கோப்பையைத் தானே எடுத்து வைத்தது அந்த ஒரு நாள்தான்.

மச்சாள் சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாமலே எதையோ கண்டுவிட்டார்.

"அதென்ன சிவப்பாய்க் கிடக்கு?"

"கறட் கிழங்கு, அக்கா" என்றார் பில்டர் அண்ணை.

"நேற்று நாங்கள் கறட் சமைக்கேல்லையே?"

"முந்தநாளையான் கறட்டாக்கும்."

"முந்தநாள் நீர் பூட்டேக்கை வெறும் பில்டரெல்லோ பூட்டினீர்? இஞ்சை கொண்டாரும், பாப்பம்."

மச்சாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையை நீட்டினார். பில்டர் அண்ணை இறால் வாலை இரண்டு விரலால் எடுத்தார். கொடுத்தால் மெசின் வாசலில் நிற்கும். எறிந்தால் மச்சாள் விளக்குமாற்றோடு தேடுவார். அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் ஒரு சட்டைக் கழுத்தைப் பிடித்தபடி இருந்தேன். என் கையைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

பிறகு அதை வாயில் போட்டார்.

மொறுக்.

"சிவசிவா! மெசினுக்குள்ளை கிடந்ததைத் தின்னுறீரே, தம்பி!"

"சைவ பில்டரிலை கிடந்தது, அக்கா. சுத்தமானது."

மொறுக், மொறுக். விழுங்கினார்.

"ஏன் காணும் கண் கலங்குது?"

"நல்ல கறட்" என்றார்.

மச்சாளுக்கும் கண் கலங்கிவிட்டது. "என்ரை ஐயா! இப்பிடி ஒரு ஆசாரமான மனுசனை நான் ஊரிலையும் காணேல்லை. டேய் தம்பி, இந்தப் பெட்டி இஞ்சையே நிக்கட்டும். கொழும்புக்கு எனக்கும் ஒரு சைவ பில்டர் வாங்கித் தா."

"அக்கா, உங்களிட்டை மெசின் இல்லையே?" என்றார் இவர்.

"மெசின் ஆருக்கடா வேணும்? பில்டர் காணும்."

இந்தக் களேபரத்தில் பில்டர் அண்ணை எழும்பிப் போய்விட்டார். நீல நூல் பில்டரைப் பூட்டவில்லை. கோட்டையும் எடுக்கவில்லை. யன்னலால் பார்த்தேன்; கோட்டு இல்லாமல் அவரைத் தெருவில் அன்றைக்குத்தான் கண்டேன். மழைக்குள் தன் வீட்டையும் தாண்டி நேரே நடந்து போனார்.

பின்னேரம் மழை விட்டது. இவரைக் கொண்டுபோகச் சொல்லியிருக்கலாம். நான் கோட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். சொல்லவேண்டிய வசனத்தை மூன்று வீட்டுத் தூரமும் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவர் கதவைத் திறந்தார். முழுகிவிட்டு நின்றார். தலை ஈரம். நெற்றி நிறையத் திருநீறு.

"அண்ணை, அது கறட் இல்லை" என்றேன். அவரோடு நான் பேசிய முதல் வசனம் அதுதான்.

"தெரியும், தங்கச்சி."

"முருகனுக்கு வைச்ச நேத்தியெல்லே முறிஞ்சு போச்சு."

"கோயிலுக்குப் போய் முருகனிட்டைச் சொல்லிப்போட்டன். அவர் ஒண்டும் சொல்லேல்லை. அவருக்கும் ரெண்டு பெண்சாதி, வீட்டுக் கஷ்டம் தெரியும்தானே." கோட்டை வாங்கிக்கொண்டார். கதவை மூடப் போனவர் திரும்பக் கொஞ்சம் திறந்தார். "நல்லாய்ப் பொரிச்சிருக்கிறியள். உப்புத்தான் ஒரு சொட்டுக் கூட."

சில வருஷத்தில் பில்டர் அண்ணை தன் தம்பியின் பிள்ளைகளோடு இருக்கக் கனடாவுக்குப் போய்விட்டார். நான் இப்போதும் இறால் பொரிக்கும்போது உப்பை ஒரு சிட்டிகை குறைத்தே போடுகிறேன். "உப்பில்லை, உப்பில்லை" என்று இவர் ஒவ்வொரு முறையும் முணுமுணுப்பார். "நீ எனக்குச் சமைக்கிறியோ, வேறை ஆருக்கும் சமைக்கிறியோ?" என்று கேட்பார்.

நான் இன்னும் இரண்டு இறாலை இவர் கோப்பையில் போடுவேன்.